ஜூடித்தின் பிரமாணமும் என்னுடையதும்

ராபர்ட்சன்பேட்டை,
கோலார் தங்க வயல்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள ஷைலஜா அப்பாவுக்கு,

செல்வமணி எழுதுவது. நானும் ஷைலஜாவும் நலம். ஜாம்பியா குளிரில் உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? போனில் சொன்னால் பாதியில் குறுக்கே பேசுவீர்கள். அதனால்தான் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

நேற்று நகரசபையில் பதவியேற்றேன்! சந்தோஷத்தில் அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேடைக்குப் போகும் முன் எங்கள் கட்சித் தலைவர் ஜெயித்தவர்களை ஓர் அறைக்குக் கூப்பிட்டார். எல்லோரும் கடவுள் பெயரால்தான் பிரமாணம் எடுக்க வேண்டும், மாற்றிச் சொன்னால் அடுத்த முறை சீட்டு கிடையாது என்றார். பக்கத்து வார்டு ஜூடித்துக்கு முகம் வெளுத்துவிட்டது. அவள் சர்ச்சுக்குப் போவதை விட்டுப் பல வருடமாகிறது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசுல இல்லாதத மைக்ல எப்பிடிக்கா சொல்றது?" என்றாள்.

எனக்கு உங்களோடு வேலை செய்யும் சீனக்காரரின் ஞாபகம் வந்தது. அவர் ஊரில் ஆளும் கட்சி உறுப்பினர் சாமி கும்பிடக்கூடாதாம், ஒளித்துக் கும்பிடுகிறார் என்று வருத்தப்பட்டீர்களே. சாமி உண்டு என்று சொல்ல வைத்தாலும் இல்லை என்று சொல்ல வைத்தாலும் அது சுதந்திர நாடு இல்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

எழுந்துவிட்டேன். "இன்னாம்மா, மொத நாளே தகராறா?" என்றார் தலைவர்.

"எனக்கு சாமி இருக்குதுங்க. இவங்களுக்கு இல்ல. சட்டம் ரெண்டு பேருக்குந்தான் இருக்குது" என்றேன்.

நேராகப் பிரமாணம் செய்து வைக்கும் அதிகாரியிடம் போனேன். அவர் பிரமாணத் தாளைக் காட்டினார். இரண்டு விதமாகவும் அச்சடித்திருந்தது, எதை வாசிப்பது என்பது அவரவர் விருப்பம் என்றார். ஜூடித் மனசாட்சிப்படி உறுதி கூறிக் கையெழுத்துப் போட்டாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தலைவர் அதன்பிறகு என் பக்கம் திரும்பவில்லை. சீட்டு போனால் போகட்டும்.

அடுத்தது நான். கடவுள் பெயர் வரக்கூடாது என்று போனில் மூன்று தடவை சொன்னீர்கள். நானும் சரி என்று கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் ஜூடித் பேசியதைக் கேட்டபிறகு, என் வாயில் இருப்பது உங்கள் வார்த்தை என்று தோன்றியது. கடவுள் பெயரால் என்றே சொன்னேன். தலைவருக்குப் பயந்து இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

திங்கட்கிழமை முதல் கூட்டம். வார்டுக்கு எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருவதைப் பற்றித்தான் முதலில் கேட்கப் போகிறேன். ஜூடித்தும் கூடப் பேசுவாள்.

இருபத்திரண்டு வருடம் நான் கோயிலுக்குள் போனபோதெல்லாம் வெளியே நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டீர்கள். உள்ளே வாருங்கள் என்று நான் ஒருநாளும் இழுத்ததில்லை. கோபம் இருந்தால் இருக்கட்டும், சாப்பாட்டில் காட்டாதீர்கள். சுரங்கத்துக்குள் இறங்கும்போது ஜாக்கிரதை. உங்களுக்காக நான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். அதை நீங்கள் நம்ப வேண்டாம், வேண்டிக்கொள்ள விட்டால் போதும்.

உங்கள்
செல்வமணி