சம்படத்தில் போன கண்மலர்

ஆனையூர், மதுரை
5.2.2026, வியாழன்

அன்பு மகள் பாண்டிச்செல்விக்கு அப்பா எழுதுவது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலியும் எனக்கு ஒரு மனக்குறையும் தவிர, இங்கே இருவரும் சுகமாகத்தான் இருக்கிறோம். அங்கே கவுகாத்தியில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், அதிலும் உன் வலது கண் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் எழுந்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. சொட்டு மருந்து எந்தெந்த வேளைக்கு என்று எழுதி உங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு வந்தேன், அதை நீ கிழித்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். கடுகு தாளிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும் என்று அம்மா எழுதச் சொன்னாள். நம் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் இன்னும் மூடவில்லை, பால்காரர் வண்டியை முக்கிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருகிறார். உன் பெரியம்மா மகள் சுபலட்சுமியின் கல்யாணம் திருப்பரங்குன்றத்தில் நல்லபடியாக நடந்தது. உன் கண்ணைப் பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா, ஆபரேஷனை அவளே செய்த மாதிரி விளக்கிக்கொண்டிருந்தாள்.

இதுவரை எழுதியதெல்லாம் எழுத வேண்டியதைத் தள்ளிப்போடுவதற்காக எழுதியது. செல்வி, நான் உன்னிடம் ஒரு பொய் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ, கண்மலர் பத்திரமா இருக்காப்பா என்று கேட்டாய். சாமி அலமாரியில் இருக்கிறது என்றேன். இல்லை. போன வாரம் நாங்கள் ஊர் திரும்பிய செவ்வாய்க்கிழமையே, சென்னையிலிருந்து மதுரைக்கு வந்த விமானத்தில் அதை விட்டுவிட்டேன். பார்வை திரும்பினால் பேச்சியம்மனுக்குத் தங்கத்தில் இரண்டு கண் செய்து சாத்துகிறேன் என்று நீ ஆபரேஷனுக்கு முன் நேர்ந்துகொண்டது, கண்மலர் என்றால் என்னவென்றே தெரியாத அந்த ஊர்ப் பத்தருக்குப் படம் வரைந்து காட்டிச் செய்து வாங்கியது, காணிக்கை ரூபாயோடு மஞ்சள் துணியில் வைத்து உன் கையாலேயே தைத்தது, இவ்வளவும் தெரிந்தவன்தான் விட்டுவிட்டு வந்தேன். உண்மையைச் சொல்ல மூன்று முறை வாயெடுத்தேன், மூன்று முறையும் சாப்பிட்டியாம்மா என்றுதான் வந்தது. அதனால்தான் கடிதம். முக்குக் கடை ஜெயபாண்டி இதைத் தன் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவார். படிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார், அவருக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும் என்பது வேறு விஷயம்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். துணிப் பொதியை நீ எவர்சில்வர் சம்படத்தில் வைத்து ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தாய் அல்லவா, அதை அம்மா கவுகாத்தியிலிருந்து சென்னை வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். சென்னையில் மாறி ஏறிய சின்ன விமானத்தில் அவளுக்குக் கை மரத்துப்போய், கொஞ்சம் நீங்க வச்சிருங்க என்று கொடுத்தாள். நான் என் பைக்குள் வைத்தேன். உடனே பணிப்பெண் வந்து பையை முன் இருக்கைக்கு அடியில் தள்ளச் சொன்னார், தள்ளினேன். தள்ளிய பிறகு குனிந்து பார்த்தால் பை என் இரண்டு செருப்புக்கும் நேராக இருக்கிறது. ஆத்தாவுக்கு நேர்ந்த பொருளைக் காலடியில் போட்டுக்கொண்டு எப்படி உட்கார்ந்து வருவது? தலைக்கு மேல் உள்ள பெட்டியைத் திறந்து தரும்படி கேட்கக் கூச்சமாக இருந்தது. அதனால் சம்படத்தை மட்டும் வெளியே எடுத்து, முன் இருக்கையின் முதுகில் இருக்கும் பைக்குள், பாதுகாப்பு அட்டைக்குப் பின்னால், கால் படாத உயரத்தில் வைத்தேன். முறையாகச் செய்துவிட்டோம் என்று ஒரு திருப்திகூட வந்தது. இறங்கும்போது வழக்கம்போல என் பட்டியலை எடுத்துச் சரிபார்த்தேன். அதில் ஏழாவது உருப்படி, 'சம்படம், அழகம்மாள் மடியில்' என்று கவுகாத்தியில் எழுதியது. அம்மா அதற்குள் எழுந்து முன்னால் போய்விட்டாள், அவள் கையில்தான் இருக்கும் என்று டிக் போட்டுவிட்டேன். இடம் மாறியதை நான் மாற்றி எழுதவில்லை. பட்டியலே இல்லாதவனாக இருந்திருந்தால் ஒருவேளை கையால் தடவிப் பார்த்திருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பைகளைக் கொட்டிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. முப்பத்தினாலு வருசம் ஊரு சனத்துத் தபாலையெல்லாம் தொலைக்காம சேத்த மனுசன், பெத்த மக நேத்திக்கடனை ஏரோப்பிளேன்ல விட்டுட்டு வந்து நிக்கிறீகளே என்றாள். ரயில்வே தபால் பிரிவில் நான் வேலை பார்த்ததை அவள் இத்தனை வருடத்தில் பெருமையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை, அதுவும் இப்படி. மறுநாள் காலை விமான நிலையத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் மரியாதையாகப் பேசினார். அந்த விமானம் கொஞ்ச நேரத்திலேயே சென்னைக்குத் திரும்பிவிட்டது, படிவம் எழுதிக் கொடுங்கள், விசாரிக்கிறோம் என்றார். தங்கக் கண்மலர் ஒரு ஜோடி, தெய்வக் காணிக்கை, மஞ்சள் துணியில் தைத்தது என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாளில் பதில் வந்தது, தங்கப் பொருள் எதுவும் கிடைக்கவில்லை என்று. மறுபடி எழுதினேன், அதே பதில். ஜெயபாண்டி, விடுங்கண்ணே, தங்கம்னு சொன்ன பொறகு எவன் குடுப்பான் என்றார். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. முகம் தெரியாத ஒருவரைத் திருடர் என்று நினைத்துக்கொண்டு சும்மா இருப்பது சுலபம், ஆனால் என் பக்கம் என்ன தப்பு என்று பார்க்காமல் அப்படி நினைக்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. விடுவதில்லை என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

முந்தாநாள் செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது என் தப்பு எனக்குப் பிடிபட்டது. தபால் வண்டியில் மூட்டையிலிருந்து கழன்று விழுந்த பொருள் கிடைத்தால் நாங்கள் பதிவேட்டில் என்ன எழுதுவோம்? நீல உறை, சணல் கட்டு, மூலை கிழிந்தது என்று வெளியே கண்ணுக்குத் தெரிவதைத்தான் எழுதுவோம். உள்ளே வைரமே இருந்தாலும் பிரித்துப் பார்க்க மாட்டோம். இதே வேலையை ஆயுள் முழுக்கச் செய்தவன், தன் பொருள் என்று வந்ததும் உள்ளே இருப்பதை மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சம்படம் என்ற ஒன்று இருப்பதையே அவர்களிடம் சொல்லவில்லை. வாயைக்கூடச் சரியாகக் கொப்பளிக்காமல் வந்து, பேச வேண்டியதை அரைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, சென்னை விமான நிலையத்தில் தவறிய பொருள்களைப் பார்க்கும் பிரிவுக்குப் போன் செய்தேன். இரண்டு முறை மணி அடிக்கும் முன்பே நானே வைத்துவிட்டேன். மூன்றாம் முறை அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். ஒரு பெண் எடுத்தார். உள்ளங்கை அகல எவர்சில்வர் டப்பா, சிவப்பு ரப்பர் பேண்ட், பதினான்காவது வரிசை என்று வாசித்தேன். ஐயோ சார், இத மொதல்லயே சொல்லக் கூடாதா, இங்கதான் ஷெல்ஃப்ல இருக்கு, சாப்பாட்டு டப்பான்னு எழுதி வச்சிருக்காங்க என்றார். சாப்பாடு என்றால் அன்றைக்கே குப்பைக்குப் போயிருக்க வேண்டுமாம். துப்புரவு செய்த அம்மா குலுக்கிப் பார்த்திருக்கிறார், உள்ளே ஏதோ இடித்ததால் எடுத்து வைத்திருக்கிறார். உன் அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அழுதாள்.

ஆனால் காரியம் அதோடு முடியவில்லை. உள்ளே என்ன இருக்கிறது, எப்படி இருக்கும் என்று நாம் அடையாளம் சொல்ல வேண்டும், அவர்கள் திறந்து சரிபார்த்துத்தான் கொடுப்பார்களாம். நான் என்ன சொல்வேன்? சாமிக்கு முன்னால் வைக்கும்வரை நேர்ந்தவர் தவிர வீட்டில் வேறு யாரும் காணிக்கையைப் பார்க்கக் கூடாது என்பது நம் வழக்கம், தைப்பதற்கு முன் நீ ஆசையாகக் காட்ட வந்தபோதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டவன் நான். எப்படி இருக்கும் என்று தெரியாதும்மா என்றேன். அது உங்க பொருள்தானே சார் என்று அந்தப் பெண் கேட்டார். தப்பில்லாத கேள்விதான், திறக்கலாமா என்று கோவிலில் கேட்டுக்கொண்டு சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். மறுநாளே திருமங்கலம் போய், அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து நம் கோவிலுக்குப் போனேன். பூசாரி சோணைமுத்து கேட்டுவிட்டு, வேத்தாளு தொறந்தா குத்தமில்லண்ணே, வீட்டாளு பாக்கக் கூடாது, அம்புட்டுதான் என்றார். எவ்வளவு நேரம் கண்ணை மூடியிருக்க வேண்டும் என்று கேட்டேன். திருப்பிக் கட்டி மூடுற வரைக்கும்ணே, இதுக்கும் ஒரு லிஸ்டு போட்டுருவீகளோ என்று சிரித்தார். இன்று காலை மறுபடி சென்னைக்குப் பேசி விவரம் சொன்னேன். அந்தப் பெண் நல்லவர். நீங்க செவுத்தப் பாத்தே நில்லுங்க சார், எங்களுக்கு ஒண்ணும் இல்ல, ஆனா கையெழுத்துப் போட மட்டும் திரும்பணும் என்றார். அடையாளத்துக்கு நகை ரசீதும், நீ பத்தருக்கு வரைந்து கொடுத்த படமும் போதுமாம். கூரியரில் அனுப்புகிறோம் என்றும் சொன்னார், நான் வேண்டாம் என்றேன். அது எந்த மூட்டைக்கு அடியில் கிடந்து எத்தனை பேர் காலில் படும் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்.

வருகிற பத்தாம் தேதி அந்த ஷெல்ஃபில் இருப்பதையெல்லாம் வேறு கிடங்குக்கு மாற்றிவிடுவார்களாம், அங்கே போனால் தேடி எடுக்க மாதமாகும். காணிக்கையைச் சாத்த வேண்டிய சிவராத்திரி பதினைந்தாம் தேதி. அதனால் திங்கட்கிழமை காலை வைகை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகிறேன், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. தனியாகத்தான் போகிறேன். நானும் வாரேன், நீங்க ரோடு தாண்டவே பயப்படுவீக என்று அம்மா ஒரே பிடிவாதம். அவள் முழங்காலுக்கு ஆகாது, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருடத்தில் அவள் சொன்னதற்கு நான் வேண்டாம் என்றது இதுதான் முதல் தடவை, அவளுக்கே ஆச்சரியம். போய்ச் சேர்வேனா, அங்கே திக்கித் திணறாமல் பேசுவேனா என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. சந்தேகத்தோடேயே போகிறேன், அது தீரும்வரை காத்திருந்தால் பத்தாம் தேதி போய்விடும்.

இனி உன் வேலை. ரசீதையும் படத்தையும் நேராக அந்தப் பெண்ணின் மின்னஞ்சலுக்கு அனுப்பு, முகவரியை இந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். எனக்கு அனுப்பாதே, ஜெயபாண்டிக்கும் அனுப்பாதே. அந்தப் படத்தையும் நான் பார்க்கக் கூடாது, அனுப்பிவிட்டேன் என்று ஒரு வார்த்தை மட்டும் சொன்னால் போதும். மாப்பிள்ளையிடம் நீயே பக்குவமாகச் சொல், என் பெயரைக் கொஞ்சம் காப்பாற்று. சொட்டு மருந்தை ஒரு வேளைகூடத் தவறவிடாதே. பேச்சியம்மன் உன் இரண்டு கண்ணுக்கும் துணை நின்று, நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும் என்று நானும் அம்மாவும் மனசார வாழ்த்துகிறோம். இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும், வர வேண்டியதுதான். போன் செய்து எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் ரசீதை அனுப்பிவிட்டுத் திட்டு.

உன் அன்புள்ள அப்பா,
மொ. பேயாண்டி