துடைத்துவிட்ட மஞ்சள்

ஆலையிலிருந்து வந்ததும் சட்டையைத் தட்டிப் போடுவேன். இன்று தட்டப்போன கை பாதியில் நின்றது. காலரில் ஒரு கூன்வண்டு, அரிசி அளவில், சின்ன மூக்கை நீட்டிக்கொண்டு. உடம்பு முழுக்க வெறும் சாம்பல் நிறம். உன்னிடம் சொல்லத் திரும்பினேன். உன் கட்டில் இருந்த இடத்தில் இப்போது என் சைக்கிள் நிற்கிறது.

நீ பருத்திக்குப் பூச்சி பார்க்கும் வேளாண் ஊழியன். நான் சிமெண்ட் ஆலை ஆய்வகத்தில் கல்லைச் சோதிப்பவன். அரியலூரில் இருவருக்கும் ஒரே அறை. விக்கிரமங்கலத்துப் பருத்திக்காட்டிலிருந்து தீப்பெட்டியில் மூன்று வண்டுகளோடு வந்த சாயங்காலம், நீ என்னைச் சாப்பிடவே விடவில்லை.

“தோள்ல பாருடா, மஞ்சப் பட்டை. மத்த ஊர்ல இது வெறும் சாம்பல்தான். இந்தப் பக்கத்துக்குன்னு தனியா ஒரு கிளையினம் இருக்குன்னு பழைய புத்தகம் ஒண்ணுல ரெண்டே வரி. அப்புறம் யாரும் தேடல.”

“பயிரைத் திங்கிற பூச்சிக்கு ஜாதகம் வேறயா? மருந்தடிச்சுட்டு வாடா, பசிக்குது.”

“நீயுந்தான் திங்கிற. உனக்கு மருந்தா அடிக்கிறோம்?”

மறுநாள் காலை அவற்றை உன் பேராசிரியருக்கு அனுப்புவதாக இருந்தாய். நீ குளிக்கப் போன நேரத்தில் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து மூன்றையும் துடைத்தேன். இந்த ஊரில் எதன்மேல்தான் கல்தூசி இல்லை? தூசி போனால் மஞ்சள் இன்னும் எடுப்பாகத் தெரியும் என்று நினைத்தேன். மஞ்சளே பஞ்சோடு வந்துவிட்டது.

நீ பஞ்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். “அது செதிலுடா. வண்ணத்துப்பூச்சி பொடி மாதிரி. நிறமே அதுலதான் இருக்கு.” அவ்வளவுதான் சொன்னாய்.

“வேற புடிச்சுக்க. காடு பூராக் கெடக்கும்,” என்றேன். மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை.

கிடைக்கவில்லை. அந்தப் பருவம் முழுக்கத் தேடினாய். மூன்றையும் பார்த்த பேராசிரியர், சாதாரணச் சாம்பல் வண்டு என்று எழுதிவிட்டார். உன் பதிலைத் தபாலில் போட்டவன் நான், போடுமுன் படித்தேன். ‘என் கவனக்குறைவால் நிறம் தேய்ந்துவிட்டது’ என்று எழுதியிருந்தாய். என் பெயர் எங்கும் இல்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் இரண்டு வார்த்தை திட்டியாவது இருப்பாய். அடுத்த பருத்தி வருவதற்குள் காமாலை உன்னைக் கொண்டுபோயிற்று.

இன்று பேராசிரியருக்கு எழுதிவிட்டேன். பட்டை இருந்தது, துடைத்தவன் நான், அவன் இல்லை என்று. ஆதாரம் கேட்பார். நானாக இருந்தாலும் கேட்பேன். என்னிடம் இருப்பது கண்ணை மூடினால் தெரிகிற ஒரு மெல்லிய கோடு மட்டும். பார்த்தவர்கள் நாம் இருவர்தான். இனி நான் மறக்கக் கூடாது.