சண்டை வேண்டாம் என்றவனுக்கும் ஒரு நாற்காலி

உன் மனைவி போன மாதம் அந்த அட்டையைக் கொடுத்தனுப்பினார். பனியன் பெட்டியை வெட்டி, நம் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்கு நீ செய்த மறைப்பு. அதில் இன்னும் உன் தலைவலித் தைலத்தின் வாசனை அடிக்கிறது. கைக்கு வந்ததும் நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். எனக்காக நீ ஏதாவது தில்லுமுல்லு செய்ததற்குத் தடயம் இருக்குமா என்று. டீக்கறையும் எங்கள் பெயர்களும்தான் இருந்தன. செத்தவனைக்கூட விடாமல் சந்தேகப்படுகிற ஜென்மம் நான்.

திருவொற்றியூரில் உன் வீட்டு மாடியில் ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் நாம் நாலு பேர் உட்காருவோம். நீ, உன் தம்பி, பக்கத்து வீட்டுக் கலா, நான். நீ அந்த அட்டைக்குப் பின்னால் இருந்து கதையை நடத்துவாய். தீவுகள், கொள்ளைக் கப்பல்கள், உப்பு விற்கிற ஊர்கள். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, நான் இதைச் செய்கிறேன், இதைச் சொல்கிறேன் என்போம். நடக்குமா நடக்காதா என்பதை அட்டைக்குப் பின்னால் நீ உருட்டுகிற இருபது முக டைஸ் சொல்லும்.

முதல் மாதமே நான் சொல்லிவிட்டேன், எனக்குச் சண்டை வேண்டாம் என்று. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் எடை மேடையில் ரசீது போடுகிறவன் நான். வீடு புளியந்தோப்பு என்று சொன்னால் போதும், வெளியூர் லாரிக்காரன்கூட இடுப்பில் கத்தி இருக்கிறதா என்று கேட்டுச் சிரிப்பான். வாரம் முழுக்க அதைக் கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விளையாட்டிலும் கத்தியைத் தூக்க மனசு வரவில்லை.

நீ ஏன் என்று கேட்கவில்லை. "செரி மாமு, வுடு" என்றாய். அவ்வளவுதான். அங்கேதான் எனக்கு இடித்தது. ஒருத்தன் இவ்வளவு சுலபமாகச் சரி என்பானா? அதில் ஏதோ உள்குத்து இருக்கவேண்டும் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு சண்டை வரும்போதெல்லாம் எனக்கு வேறு வேலை வைத்திருப்பாய். அவர்கள் இருவரும் வாள் சுழற்றும்போது நான் நங்கூரத்தை இழுக்கவேண்டும், அல்லது எதிரித் தலைவனிடம் பேச்சுக் கொடுக்கவேண்டும். என் முறையும் அவர்கள் முறையோடு சேர்ந்தே வரும். ஆனால் டைஸில் நல்ல எண் விழுந்தால்கூட எனக்குச் சந்தோஷம் கிடையாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உன் முகத்தையே பார்ப்பேன். தெருவில் ஓடிப்பிடித்து ஆடும்போது சின்னப் பிள்ளையை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோமே, அவுட்டானாலும் அவனுக்கு அவுட் கிடையாதே, என்னையும் அப்படித்தான் வைத்திருக்கிறாய் என்று மனசுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

அதனால்தான் அந்த ஞாயிறு உன்னைச் சோதித்தேன். கதையில் கொள்ளைக்காரர்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள். ஊர்ப் பிள்ளைகள் உப்புக் கிடங்கில் ஒளிந்திருந்தார்கள், கலாவின் வைத்தியச்சி அவர்களுக்குக் காவல். உன் தம்பி கரையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். தலைவனைப் பேசித் திருப்பி அனுப்புவது என் வேலை. ஊர்க்காரர்கள் எங்கே என்று தலைவன் குரலில் நீ கேட்டாய். உப்புக் கிடங்கில் என்று சொன்னேன். நான் சப்பாணி என்றால் நீ எப்படியும் காப்பாற்றிவிடுவாய், அப்போது கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். இதுதான் என் கணக்கு.

"நெஜமா இத்தயா சொல்ற?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். நீ டைஸைத் தொடவே இல்லை. கிடங்கு எரிந்தது. வைத்தியச்சி பிள்ளைகளை ஒவ்வொன்றாக வெளியே தள்ளிவிட்டு உள்ளேயே முடிந்துபோனாள். ஒன்றரை வருஷமாகக் கலா வளர்த்த பாத்திரம் அது. அவள் அந்தப் பாத்திரத்தை எழுதிவைத்திருந்த தாளை நாலாக மடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நீ பேசுனா பேசுனதுதான் மாமு. வெட்டுக்கு இன்னா மதிப்போ, அதே மதிப்பு" என்று சொல்லிவிட்டு அவள் பின்னாலேயே நீயும் படியிறங்கினாய்.

வாய் தவறிவிட்டது என்று உன் தம்பியிடம் சொன்னேன். கீழே இருந்து உங்கள் பேச்சு முணுமுணுவென்று கேட்டது. என்னைப் பற்றித்தான் என்று தெரியும். இனிமேல் இவனைக் கூப்பிடவேண்டாம் என்று முடிவு பண்ணுகிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த வாரம் வந்து பார்த்தால் என் நாற்காலி இருந்த இடத்திலேயே இருந்தது. கலா புதுத் தாளில் ஒரு மீன்காரியை எழுதிக்கொண்டிருந்தாள். இதிலும் ஏதோ இருக்கிறது என்றுதான் அன்றைக்கும் பட்டது. என் புத்தி அப்படி.

பிறகு உனக்கு மஞ்சள் காமாலை வந்தது, மூன்றே வாரத்தில் போய்விட்டாய்.

உன் பதினாறாம் நாள் காரியத்தில் கலாவிடம் உண்மையைச் சொன்னேன். வாய் தவறவில்லை, வேண்டுமென்றேதான் சொன்னேன் என்று. அவள் இலை போட்டுக்கொண்டிருந்தாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தெரியும். அன்னிக்கு படி எறங்கறப்பவே அண்ணன் சொல்ட்டாரு. அவன் நம்மள நம்பாம சோதிச்சிக்கினு கீறான், அடுத்த வாரம் அவன் சேரை எட்த்துடாதன்னாரு."

அவள் கையிலிருந்த மிச்ச இலைகளை வாங்கி நான் போட ஆரம்பித்தேன். இப்போது ஞாயிறு மதியம் அட்டைக்குப் பின்னால் நான் உட்காருகிறேன். சண்டை பிடிக்காத ஒரு பெண் வள்ளூரிலிருந்து வருகிறாள். முதல் நாளே அவளிடம் சொல்லிவிட்டேன், வாளை எடுக்காமலும் நீ ஜெயிக்கலாம், தோற்கவும் செய்யலாம், இங்கே யாரும் உன்னைக் காப்பாற்றமாட்டார்கள் என்று. அவள் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறாள். பார்க்கட்டும்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, நான் கிளம்ப எழுந்ததும் என் கையைப் பிடித்து, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டாயே. அதிலும் உள்குத்து இருக்கும் என்று பயந்து, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். எல்லாம் தெரிந்துகொண்டே, நானாகச் சொல்லட்டும் என்றுதானே கேட்டாய்?