யானை விழுந்த நாள்

மாப்பிள்ளை, சொன்னால் நீ சிரிப்பாய். இந்த வயதில் செல்லாக் காசோடு பேசிக்கொண்டிருக்கிறேன். இன்று காலை என் வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். "பதில் யானை சொல்லுதா, மீன் சொல்லுதா?" என்று கேட்டாள். வெட்கமாகப் போயிற்று. துலக்கத்தான் எடுத்தேன் என்று சமாளித்து, அடுக்களையில் கரைத்து வைத்திருந்த புளித்தண்ணீரில் போட்டுவிட்டேன்.

அதே காசுதான். கொற்கையில் எங்கள் வயலை உழும்போது கிடைத்த சதுரச் செம்பு. பாண்டியர் காசு என்று வாத்தியார் சொன்னார். ஒரு பக்கம் யானை, மறுபக்கம் மீன். புன்னைக்காயலில் மீன்பிடித்துக்கொண்டிருந்த சிநேகிதன் உன்னிடம் கொண்டுவந்து பெருமையாகக் காட்டினேன். யானையை ஒத்துக்கொண்டாய். மீனைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"நாலு கோட்டக் கீறிட்டு மீனுங்கான். செவுள் எங்கல? எவனோ வயக்காட்டுக்காரன் அடிச்சிருக்கான்."

"உங்கிட்ட கேட்டுட்டு அடிக்க, பாண்டியன் என்ன உனக்கு மச்சானா?"

அந்த வழக்கு தீரவே இல்லை. அதற்குள் சூறைக்காற்று உன் வலையைக் கொண்டுபோயிற்று. உயிரோடு கரையேறிய நீ, அப்புறம் கடலுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தாய். தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்திருந்த சமயம். வள்ளத்தை விற்றுவிட்டு மூட்டை தூக்கப் போகிறேன் என்றாய். போகவும் மனமில்லை, இருக்கவும் மனமில்லை. எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. கேலி பண்ணத்தான் தெரியும். மடியிலிருந்து காசை எடுத்தேன்.

"யானை விழுந்தா மூட்டை தூக்கு. மீன் விழுந்தா கடலுக்குப் போ. சம்மதமாலே?"

தலையாட்டினாய். சுண்டினேன். மணலில் யானை விழுந்தது. மறுபடி சுண்டலாம் என்று நான் குனிந்தேன். நீ யானையையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினாய்.

"யானைன்னா குளிக்க வேண்டாமா? தண்ணிக்குத்தான போவணும்? வாலே, வள்ளத்தத் தள்ளு."

உன் மச்சினன் வலையை வாங்கிப் போட்டுக்கொண்டு போனாய். மறுநாள் ஒரு சாளை மீனை என் மூக்குக்கு நேரே நீட்டினாய். "இதுதாம்ல மீன். செவுளப் பாத்துக்கோ."

உன்னைக் கடல் கொண்டுபோகவில்லை. போன வருஷம், பிள்ளைகள் சுற்றி நிற்க, கட்டிலில்தான் கண்ணை மூடினாய். வள்ளம் இன்னும் போகிறது. உன் மருமகன் ஓட்டுகிறான். பயிர் சாய்ந்தாலும் மழை ஏமாற்றினாலும் நான் இப்போது உட்கார்ந்துவிடுவதில்லை. யானை விழுந்தால் தண்ணீருக்கு ஓட்டிக்கொண்டு போகவேண்டும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் நான் படித்ததைவிட இது அதிகம்.

இன்று உன் மருமகன் சீலா மீன் கொடுத்துவிட்டிருந்தான். மத்தியானம் வீட்டுக்காரி குழம்பு வைத்தாள். புளி, காலையில் கரைத்த அதே புளி. என் தட்டில் இரண்டாவது அகப்பையில் யானை விழுந்தது. தெரியாமல் சோற்றோடு சேர்த்துக் கடித்ததில் கடைவாய்ப் பல் ஒன்று போயிற்று. குழம்பு நன்றாக இருந்தது.