ஒரு வோட்டில் போன மசோதா

பிளெய்ன்ஸ்பரோ,
9 பிப்ரவரி 2025

அன்புள்ள தாமரைக்கு,

அரை மணி நேர டிரைவில் இருக்கும் நாத்தனாருக்குக் கடிதம் எழுதுகிற ஆள் நியூஜெர்சியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மசோதா விஷயம் எதையும் போனில் டைப் பண்ணாதீர்கள், நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட வேண்டிவரும் என்று நீ சொன்னதால் வந்த வினை.

வெண்பா மூன்று நாளும் சமர்த்தாக இருந்தாள். நான் தமிழில் கேட்க, அவள் இங்கிலீஷில் பதில் சொல்ல, பொழுது நன்றாகவே போயிற்று. நீ சட்டமன்ற உறுப்பினரானதிலிருந்து உன் மகள் பாதி என் மகளாகிவிட்டாள். புகார் இல்லை, சும்மா சொல்கிறேன்.

வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கான மசோதா மார்ச்சில் உன் குழுவுக்கு வருகிறதாமே. கோபியில் ஆறு வருடம் குழந்தைகளைப் பார்த்தவள், இங்கே ஒரு கிளினிக்கில் எடையும் பிரஷரும் பார்த்து எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பரீட்சை எல்லாம் பாஸ். லைசன்ஸுக்குக் கட்டாயமான பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரியும் இடம் தரவில்லை. இது நிறைவேறினால் இரண்டு வருடம் ஒரு டாக்டரின் மேற்பார்வையில் வேலை செய்து லைசன்ஸ் வாங்கிவிடலாம். நாற்பத்து மூன்று வயதில் இதையும் விட்டால் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உன் தேர்தலுக்கு வோட்டுரிமை இல்லாத என்னையும் வீடு வீடாகக் கூட்டிப் போனாயே, நினைவிருக்கிறதா? “விசாவுக்குத்தான் வாஷிங்டன். டாக்டர் லைசன்ஸ், ஸ்கூல் லீவு எல்லாம் நம்ம ஸ்டேட் கையிலதான் இருக்கு. எங்க அண்ணிய டாக்டராக்கப் போறது உங்க வோட்டுதான்” என்று வாசலுக்கு வாசல் சொன்னாய். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போன வாரம் சொன்னது உன்னோடு இருக்கட்டும். கிளினிக்கில் இப்போது ஊசி போடவும் விடுகிறார்கள்; ஒன்பது வருடம் கழித்து ஊசி போட ஒரு குழந்தையின் கையைப் பிடித்தபோது என் விரல் நடுங்கியது. அது சந்தோஷம் என்று உனக்குத்தான் புரியும். உன் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை.

அன்புடன்,
அண்ணி ஜலஜா

*

ஐசலின்,
2 மார்ச் 2025

பிரியமுள்ள அண்ணிக்கு,

உங்கள் ரசம்தான் வேண்டும் என்று வெண்பா என் உயிரை வாங்குகிறாள். நான் வைத்தது சூப்பாம்.

மசோதா 20-ஆம் தேதி வருகிறது. குழுவில் ஏழு பேர், நான்கு வோட்டு வேண்டும். மூன்று பேர் சரி என்றுவிட்டார்கள். நான்காவது ஆள் உங்கள் நாத்தனார். வெள்ளைக் கோட்டை இப்போதே ஆர்டர் பண்ணிவிடுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். அன்றைக்கு நீங்கள் வந்து பேச வேண்டாம். சொந்தக்காரிக்காகச் சட்டம் போடுகிறாள் என்பார்கள். அதற்குப் பதில், பொங்கலுக்குப் பள்ளி விடுமுறை கேட்கும் என் மசோதாவுக்குக் கோயிலில் கையெழுத்து வாங்கித் தாருங்கள். எங்கள் குழுத் தலைவர் கட்சியில் பெரிய ஆள். அவர் மனது வைக்காமல் அது வோட்டுக்கே வராது, ஒரு வருடமாகக் கிடக்கிறது. நவம்பரில் மறுபடி தேர்தல், நம் ஆட்களிடம் காட்ட என் கையில் ஒன்றுமே இல்லை அண்ணி.

அண்ணனுக்கு என் அன்பு.

உங்கள்,
தாமரைச்செல்வி

*

ஐசலின்,
23 மார்ச் 2025

அன்பான அண்ணிக்கு,

எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. ஒரு வோட்டில் போய்விட்டது. நான் எவ்வளவோ போராடினேன். பெரிய ஆஸ்பத்திரிகளின் ஆட்கள் வரிசையாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள். யோசித்துப் பார்த்தால் வெளிநாட்டு டாக்டர்கள் விஷயத்தை வாஷிங்டன்தான் தீர்க்க வேண்டும். ஒரு மாநிலம் என்ன செய்துவிட முடியும்?

ஒரு நல்ல சேதியும் உண்டு. பொங்கல் மசோதா மறுநாளே வோட்டுக்கு வந்து, ஒருவர்கூட எதிர்க்காமல் நிறைவேறியது. எல்லாம் நீங்கள் அலைந்து வாங்கிய கையெழுத்துகள்தான். ஏப்ரல் 27 அன்று ஓக் ட்ரீ ரோடு ஹாலில் பாராட்டு விழா. குத்துவிளக்கு நீங்கள்தான் ஏற்ற வேண்டும். மனதைத் தளரவிடாதீர்கள்.

என்றும் உங்கள்,
தாமரை

*

பிளெய்ன்ஸ்பரோ,
20 ஏப்ரல் 2025

தாமரைக்கு,

உன் கடிதம் வந்த பிறகு பல நாள் அழுதேன். அப்போதும் உன்மேல் ஒரு குறையும் நினைக்கவில்லை. குழுக் கூட்டத்தின் வீடியோ இணையத்தில் இருக்கிறது என்று தெரிந்ததும், நீ எனக்காகப் போராடியதைப் பார்க்கலாம் என்று காபியும் கையுமாக உட்கார்ந்தேன்.

உன் பெயரைக் கூப்பிட்டபோது நீ ஆதரவும் சொல்லவில்லை, எதிர்ப்பும் சொல்லவில்லை. குறைந்த அந்த ஒரு வோட்டு உன்னுடையது. உங்கள் குழுத் தலைவருக்கு அந்த வோட்டை விட்டுக்கொடுத்துத்தான் பொங்கல் மசோதாவை மறுநாளே நகர்த்தினாய் என்று புரியாத அளவுக்கு நான் அசடு இல்லை. அதைக்கூட அரசியல் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறந்திருப்பேன்.

ஆனால் அதற்கு முன் மைக்கைப் பக்கத்தில் இழுத்து நீ பேசினாய். என் குடும்பத்திலேயே ஒரு டாக்டர் இருக்கிறார், பல வருடம் தொழிலை விட்டவர், ஒரு குழந்தைக்கு ஊசி போடும்போது கை நடுங்கியதாக அவரே சொன்னார், இப்படிப்பட்டவர்களிடம் நம் குழந்தைகளை எப்படி ஒப்படைப்பது என்று கேட்டாய். மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். விரல் ஏன் நடுங்கியது என்பதை மட்டும் நீ சொல்லவில்லை. என்னை ஏன் வர வேண்டாம் என்றாய் என்பதும் அப்போதுதான் புரிந்தது. நீ எனக்குச் செய்தது துரோகம். மென்மையான வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

எங்கள் கிளினிக் டாக்டர் க்ரிஷ்ஷும் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டார்; நீ என் நாத்தனார் என்பது அவருக்குத் தெரியும். போன திங்களிலிருந்து ஊசி போடுவது என் வேலை இல்லை. மரியாதையாகத்தான் சொன்னார்.

உன் அண்ணனுக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்தால் தாங்கமாட்டார். டெக்சாஸில் இதே மாதிரி ஒரு சட்டம் வரும் என்கிறார்கள். அவர் கம்பெனிக்கு டாலஸில் ஆபீஸ் இருக்கிறது, மாற்றல் கேட்கச் சொல்லியிருக்கிறேன். இந்தக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று காரணம் சொன்னேன். நம்பிவிட்டார்.

விழாவுக்கு அவர் வருவார். வெண்பாவுக்கு வளையல் வாங்கி வைத்திருக்கிறார். விளக்கேற்ற வேறு யாரையாவது கூப்பிட்டுக்கொள்.

நீ போன் பண்ணினால் எடுப்பேன். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்பேன். இனி என்னைப் பற்றி உனக்குத் தெரியப்போவது அவ்வளவுதான்.

இப்படிக்கு,
ஜலஜா மணியன்