அண்ணைக்கு ஒரு கம்பளிச் சட்டை

மயிலிட்டி
05.12.2024

மதிப்புக்குரிய பத்மாசினி ரீச்சருக்கு,

யாழ்ப்பாணத்தில் நடந்த கைவேலைக் கண்காட்சியில் உங்கள் மேசைக்கு முன்னால் நின்று, அந்தக் கயிற்றுப் பின்னல் சட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த ஆள் நான்தான். பெயர் ஜெயரூபன். "ஆம்பிளையள் வாங்கிறதுக்கு இஞ்சை ஒண்டும் இல்லை" என்றீர்கள். வாங்க வரவில்லை, எப்படிப் பின்னுவது என்று கேட்க வந்தேன் என்றதும் உங்கள் கையிலிருந்த நூல் உருண்டை கீழே விழுந்துவிட்டது. அதை எடுத்துத் தருவதற்குள் சனம் கூடிவிட்டதால் கேட்க வந்ததைக் கேட்கவில்லை.

கப்பலில் வேலை செய்த காலத்தில் குளிருக்குக் கம்பளி பின்னப் பழகினேன். நேர்க் கண், மறு கண் இரண்டும் வரும். கண்கள் ஒன்றையொன்று தாண்டிக் கயிறு போல முறுகுவது மட்டும் பிடிபடவில்லை. இப்போது காற்றுக்குப் பயந்து சின்னப் படகுகளைக் கரையில் ஏற்றி வைத்திருக்கிறோம். கை சும்மா இருக்க மறுக்கிறது. அந்த முறையை ஒரு தாளில் எழுதித் தருவீர்களா? போனில் சொன்னால் பாதியில் மறந்துவிடுவேன். எங்கள் ஊர் கொலின்ஸ் பண்டத்தரிப்புக்குத் தினமும் மீன் கொண்டு வருகிறவர். அவரிடம் கொடுத்தால் வந்து சேரும்.

இப்படிக்கு,
ஜெயரூபன்


பண்டத்தரிப்பு
08.12.2024

திரு. ஜெயரூபன் அவர்களுக்கு,

கொலின்ஸ் உங்கள் கடிதத்தைப் பாரை மீனோடு சேர்த்துத் தந்தார். வெயிலில் காயவைத்துத்தான் வாசித்தேன். இனிமேல் ஒரு பிளாஸ்ரிக் பையில் போட்டு அனுப்புங்கள்.

ஆறு கண் கயிறு என்றால், முதல் மூன்று கண்களைப் பின்னாமல் ஒரு குட்டை ஊசிக்கு மாற்றி முன்பக்கம் தொங்கவிடுங்கள். அடுத்த மூன்றையும் பின்னுங்கள். பிறகு தொங்குகிற மூன்றையும் பின்னுங்கள். முறுக்கு விழுந்துவிடும். சில வரிசை நேராகப் போய்விட்டுத் திரும்பவும் அப்படியே செய்யுங்கள். குட்டை ஊசி இல்லாவிட்டால் பழைய சைக்கிள் கம்பியை வெட்டி முனையைத் தேய்த்தால் போதும். நானும் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. எதைத் தொடங்கும் முன்பும் உள்ளங்கை அளவில் ஒரு மாதிரித் துண்டு பின்னி அளந்து பாருங்கள். ஒவ்வொருவர் கைக்கும் ஒவ்வொரு இறுக்கம். பொறுமை இல்லாதவர்கள் இதைச் செய்வதில்லை. நீங்கள் எப்படி என்று எனக்குத் தெரியாது.

கரும்பலகையில் எழுதுவது போல எழுதிவிட்டேன், குறை நினைக்க வேண்டாம். வீட்டில் நானும் என் அண்ணை சோமசேகரமும் மட்டும்தான். அவருக்கு வெங்காயத் தோட்டத்தை விட்டால் வேறு கதை இல்லை. பின்னலைப் பற்றிக் கேட்க ஒரு ஆள் கிடைத்ததில் எனக்குச் சந்தோசம்.

பத்மாசினி


மயிலிட்டி
16.01.2025

அன்புள்ள பத்மாசினிக்கு,

இந்தமுறை ரீச்சரை விட்டுவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய பொங்கலை அம்மா எனக்கு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டார். கொலின்ஸ், "மீனை விட உங்கடை கடதாசியள்தான் எனக்குப் பாரமாக் கிடக்கு" என்று முகத்துக்கு நேரே சொல்லத் தொடங்கிவிட்டார். கயிற்றுப் பின்னல் நன்றாக வந்துவிட்டது. அது வந்து ஒரு மாதமாகிறது. அதற்குப் பிறகும் சந்தேகம் கேட்டு நான் எழுதியதெல்லாம் உங்கள் பதிலை வாசிக்கும் ஆசையில்தான். உங்களுக்கும் அது தெரிந்திருக்கும்.

மார்கழியில் நல்ல காரியம் கதைக்கக் கூடாது என்று அம்மா தடுத்து வைத்திருந்தார். தை பிறந்துவிட்டது, கேட்கிறேன். உங்களைக் கலியாணம் செய்ய விரும்புகிறேன். எனக்கு நாற்பத்து மூன்று வயது. சொந்தப் படகு இருக்கிறது. கோபம் வரும், கெதியில் போய்விடும். அண்ணையிடம் வந்து கதைக்கலாமா?

அன்புடன்,
ஜெயரூபன்


பண்டத்தரிப்பு
19.01.2025

அன்புள்ள ஜெயரூபனுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு உலை வைக்க மறந்துபோனேன். அன்றைக்கு அண்ணைக்குக் கடையில் வாங்கிய பாணும் சம்பலும்தான்.

எனக்கு விருப்பம். அதை மறைக்கப் போவதில்லை. பயமெல்லாம் அண்ணையை நினைத்துத்தான். தோட்டக்காரர் வீட்டுப் பெண்ணைக் கடற்கரைக்குக் கொடுப்பதா என்று சொந்தக்காரர் அவரைத்தான் பிடித்து உலுப்புவார்கள். அம்மா அப்பா போன பிறகு என்னைப் படிப்பித்தவர் அவர். எனக்கு ஒரு சம்பந்தமும் சரிவரவில்லை என்று தானும் கலியாணம் கட்டாமல் இருந்துவிட்டார். அவர் வேண்டாம் என்றால் என்னால் இந்த வீட்டை விட்டு இறங்க முடியாது. இதை உங்களுக்கு இப்போதே சொல்லிவிட வேண்டும்.

எனக்கு ஒரு யோசனை. தைப் பனிக்குள் விடியவே தண்ணீர் இறைக்கப் போய் இருமிக்கொண்டு வருகிறார். அவருக்குக் கையில்லாத கம்பளிச் சட்டை ஒன்று பின்னுங்கள். கனடாவிலிருந்து மாமி மகள் மச்சாள் அனுப்பிய நீல நூல் இத்துடன் வருகிறது. முதலில் போட்டுப் பழகட்டும். நல்ல நேரம் பார்த்து, யார் பின்னியது என்று நான் மெல்லச் சொல்கிறேன். கொடியில் காய்ந்த அவருடைய அரைக்கைச் சேட்டை அளந்து அளவு எழுதியிருக்கிறேன். மாதிரித் துண்டை மறக்க வேண்டாம்.

அன்புடன்,
பத்மாசினி


மயிலிட்டி
02.02.2025

அன்புள்ள பத்மாசினிக்கு,

சட்டை முடிந்தது. நாளைக் காலை கொலின்ஸ் கொண்டு வருவார். நடுவில் இரண்டு கயிறு ஓடுகிறது, அழகாக இருக்கிறது, நானே சொல்கிறேன். மாதிரித் துண்டு பின்னவில்லை. நூல் போதாமல் போய்விடும் என்று பயந்தேன் என எழுதலாம், ஆனால் உண்மையில் பொறுக்க முடியவில்லை.

அம்மா இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கை சுறா விழுந்தாலும் வெளியிலை போகாது" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அண்ணை வேண்டாம் என்றால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குப் பெரிய கவலையாக இருக்கும். இதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும்.

அன்புடன்,
ஜெயரூபன்


பண்டத்தரிப்பு
03.02.2025, காலை

ஜெயரூபன்,

கொலின்ஸ் மோட்டார் சைக்கிள் இயந்திரத்தை நிற்பாட்டாமல் வாசல் படலையில் நிற்கிறார். அவசரமாக எழுதுகிறேன்.

நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவர் பொதியை அண்ணையின் கையில் கொடுத்துவிட்டார். பின்னியது யார், எதற்காக என்பதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். நான் ஓடி வந்தபோது அண்ணை சட்டையைத் தலை வழியாகப் போட்டுக்கொண்டிருந்தார். பாதியில் இறுகிவிட்டது. ஒரு கை வெளியே, மற்றக் கை உள்ளே. கொலின்ஸும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்து ஒருமாதிரி போட்டுவிட்டோம். கழற்றத்தான் முடியவில்லை.

கழுத்துப் பக்கத்தால் நூலை இழுத்து அவிழ்க்கப் பார்த்தேன். பின்னல் பிழையாகப் போன இடமெல்லாம் நூலை அறுத்து வலை முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறீர்கள். பின்னலில் பிழைத்தால் அவிழ்த்துவிட்டுத் திரும்பப் பின்னுவோம், முடிச்சுப் போடுவதில்லை. இதை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கடைசியில் கத்தரிக்கோலை எடுத்தேன். அண்ணை கையைப் பிடித்துவிட்டார்.

"வெட்டாதை. ஒரு மனுசன் இருந்து செய்த வேலை."

கொஞ்ச நேரம் கயிற்றுப் பின்னலைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு, "உவனை உனக்குப் பிடிச்சிருக்கோ?" என்றார்.

"ஓம் அண்ணை" என்றேன்.

"ஏன் எனக்கு ஒளிச்சனீ?"

"சொந்தக்காரர் உங்களைத்தானே கேப்பினம்."

"கேக்கட்டும். உந்தச் சட்டையோடை நான் தோட்டத்துக்குப் போனா அதையுந்தான் கேப்பினம்." அவர் முகம் வாடியிருந்தது. "அண்டைக்கு நாடாவோடை நிண்டனீ, கொடியிலை கிடந்த சேட்டையே அளந்தனீ? முந்தியே சொல்லியிருந்தா நான் நிண்டு அளவு குடுத்திருப்பனே பிள்ளை."

நான் அழுதுவிட்டேன். கொலின்ஸ் மீனைப் பார்ப்பது போலத் திரும்பி நின்றார்.

அண்ணை சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பின்னினவனை வரச் சொல்லு. தாயையும் கூட்டிக்கொண்டு வரட்டும். முதல்லை இதைக் கழட்டட்டும், பிறகு இருந்து சாப்பிட்டிட்டுக் கலியாணத்தைக் கதைக்கட்டும்."

கறிக்கு மீன் வாங்கிவிட்டேன், பாயாசத்துக்குப் பால் அடுப்பில் இருக்கிறது. வெயில் ஏறுகிறது. அண்ணை கம்பளியோடு வியர்த்துக்கொண்டு வாசலில் இருந்து படலையைப் பார்க்கிறார். கெதியாக வாருங்கள்.

உங்கள்,
பத்மாசினி