இடது விலாவில் ஓடிய கோடு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், இந்த முறை முக்கால் நலம் என்பதுதான் சரி. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குட்டியும் முழு நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் நீ நடுவில் அழுவாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன், அதனால் எழுதுகிறேன், உன் அண்ணன் இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து இன்றைக்கே அனுப்பிவிடுவான். முதலில் நல்ல செய்தி. புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம் ஆகிறதல்லவா, இன்று காலை வந்த ரத்தப் பரிசோதனையில் புற்றுநோய் திரும்பியதற்கான அறிகுறி இல்லை.

இப்போது மீதிக் கால். போன வியாழக்கிழமை குளிக்கும்போது இடது விலாவில் தண்ணீர் பட்டதும் சுள்ளென்று எரிந்தது. மறுநாள் முதுகுத்தண்டில் கிளம்பி விலாவைச் சுற்றி முன்பக்கம் வரை சிவப்பாய் ஒரு பட்டை, அதன்மேல் கடுகு கடுகாய்க் கொப்புளம். நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் ஒன்றுகூட இல்லை. நாற்பது வருஷம் வயரிங் வேலை பார்த்தவனுக்கு இது போதாதா? ஒரே லைனில் கோளாறு. குளியலறையில் அம்மாவின் கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், வெளியே அவள் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். ஆனால் நான் யாரிடமும் சொல்லவில்லை. புற்றுநோய்தான் வேறு வாசல் வழியாக வந்துவிட்டது என்று பயந்தேன், நீ வரும் நேரத்தில் வீட்டில் அழுகை வேண்டாம் என்று நினைத்தேன். சட்டை உரசாமலிருக்க என்ன செய்தேன் தெரியுமா, வேலைப்பையில் கிடந்த கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி ஒட்டிக்கொண்டேன். நேற்று காலை பிரித்தபோது தோலும் கூடவே வந்தது, நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுத் தையல்காரரே ஓடி வந்துவிட்டார். உங்களுக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கா, எரியுற இடத்துல யாராவது டேப் ஒட்டுவாங்களா என்று ஆரம்பித்த அம்மா, ஆஸ்பத்திரி வாசல் வரை நிறுத்தவில்லை.

டாக்டரம்மா பார்த்ததுமே அக்கி என்றார். சின்ன வயதில் எனக்கு வந்த சின்னம்மையின் கிருமி போகவே இல்லையாம், நரம்பின் வேரில் அறுபது வருஷமாகப் படுத்துக் கிடந்திருக்கிறது. வாடகை தராத குடித்தனக்காரன்! உடம்பு தளரும்போது எழுந்து அந்த ஒரு நரம்பு வழியாகவே தோலுக்கு வருமாம். ஆபரேஷனாலா என்று கேட்டேன். இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது ஐயா, வயசு, புற்றுநோய், ஆபரேஷன், நீங்க மனசுல போட்டுப் புழுங்குறது, எல்லாம் சேர்ந்திருக்கலாம் என்றார். இன்னும் சீக்கிரம் வந்திருந்தால் மாத்திரை நன்றாகக் கேட்டிருக்குமாம். ஆறியபின் தடுப்பூசி உண்டு, அம்மாவுக்கும் போடலாம் என்றார், ஊசி என்றதும் உன் அம்மா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

ஏழு மாதக் கர்ப்பிணி மகள் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள் என்று பெருமையாகச் சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். அவங்களுக்கு அம்மை வந்திருக்கா என்று கேட்டார். அண்ணனுக்கு வந்தபோது உனக்கு ஒட்டிவிடக் கூடாதென்று உன்னை மூன்று வாரம் அத்தை வீட்டில் விட்டோம், அதற்குப் பிறகும் வரவில்லை என்றாள் அம்மா. இந்தக் கொப்புளத்து நீர் பட்டால் உனக்கு அம்மை வரலாமாம், இந்த நிலையில் உனக்கும் குழந்தைக்கும் அது ஆபத்தாம். எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்ட இன்னும் பத்து நாளாவது ஆகும். அதற்குள் உனக்கு எட்டாம் மாதம் பிறந்துவிடும், பிறகு உன்னை விமானத்தில் ஏற விடமாட்டார்கள், எனக்கும் தெரியும். அடுத்து உன்னை எப்போது பார்ப்பேனோ என்று நினைத்தால் எரிச்சலைவிட அதுதான் வலிக்கிறது. ஆபரேஷன் அன்றைக்குக்கூட நான் இப்படி அழவில்லை. ஆனாலும் கண்ணு, நீ வராதே.

நூறு வயது நன்றாக இரு, சுகமாகப் பெற்றெடு. அம்மைக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று நாளைக்கே உன் டாக்டரிடம் ரத்தம் பார்க்கச் சொல், மறக்காதே. டிக்கெட்டை ரத்து செய்ததும் ஒரு வரி அனுப்பு, அதுவரை எனக்குச் சோறு இறங்காது.

உன்னை வாசலிலேயே நிறுத்திவிட்ட
அப்பா